தாடைக்குக் கீழே ஒரு விரல்

அக்காவுக்கு ஐஸ் ஹொக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் சிறுவர் ஹொக்கி லீக்கை உண்மையில் நடத்தியவர் அவர்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பனித்தளத்தின் ஓரத்தில் நின்றவர், நடுவர் ஏன் சீட்டி ஊதினார் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கடிதத் தலைப்பில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நாங்கள் மூன்று ஆண்கள் இருந்தோம். செயலாளர் நான். பிரெஞ்சுப் படிவங்களை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புவேன் என்பதற்காகக் கிடைத்த பதவி. அக்காவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இங்கேயும் வேண்டாம். தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது.

பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஐஸ் ஹொக்கியா என்று கேட்பீர்கள். பழியெல்லாம் கனடாவில் இருக்கும் சொந்தக்காரருக்கே சேரும். பள்ளி விடுமுறைக்கு ரொறன்ரோ போன பிள்ளைகள், அங்கே சித்தப்பா பிள்ளைகள் விளையாடியதைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் உயிரை வாங்கினார்கள். அதோடு நிற்காமல், அந்தச் சித்தப்பாமார் தங்கள் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன, அடியில் கத்தி வைத்த பனிச் சப்பாத்து, மட்டை, தலைக்கவசம் எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பினார்கள். வடக்குப் புறநகரில் ஒரு பனித்தளம், ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வேறு யாரும் கேட்காத நேரம் என்பதால், எங்களுக்குக் கிடைத்தது. லா சப்பல், ஒபர்வில்லியே, சார்செல், செவ்ரான் என்று நான்கு அணிகள். பத்து வயது முதல் பதினான்கு வரை. பெண்பிள்ளைகளும் சேர்ந்தே.

அக்கா மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது கடந்தவர், குள்ளம், கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அணிச் சட்டைகளில் எண் தைக்கும் வேலையை அவரிடம் கொடுத்தோம். தைத்ததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகத்தான் முதல் நாள் வந்தார்.

அன்று நாங்கள் செய்த மடத்தனத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. தேங்காய் உடைக்காமல் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று தலைவர் பிடிவாதமாக நின்றார். உடைக்கக் கல் எங்கே? பனி கல் மாதிரித்தானே இருக்கிறது என்று நானும் ஆமாம் போட்டேன். தேங்காய் என்னவோ வடிவாகத்தான் உடைந்தது. தேங்காய்த் தண்ணீர் ஓடி, ஓடிய இடத்திலேயே உறைந்தது. ஓட்டுத் துண்டுகள் நாலா பக்கமும் சிதறின. பனித்தளத்தின் பொறுப்பாளரான பிரெஞ்சுக்காரர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். நாங்கள் அவசரமாகக் கூட்டித் தள்ளிவிட்டு, பிள்ளைகளை இறங்கச் சொன்னோம்.

“பாத்தனீங்களோ?” என்று வாசலில் இருந்து ஒரு குரல்.

“கூட்டியாச்சு அக்கா” என்றேன்.

“கூட்டினது தெரியுது. கையாலை தடவிப் பாத்தனீங்களோ எண்டு கேக்கிறன்.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சப்பாத்துக்கு மேல் கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முழந்தாளிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையால் பனியைத் தடவத் தொடங்கினார். வெள்ளைப் பனியில் வெள்ளைத் தேங்காய்ச் சொட்டு கண்ணுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எங்கள் மூளைக்கு எட்டியது. வேகமாக வரும் பிள்ளையின் சப்பாத்துக் கத்தி அதில் மாட்டினால் என்ன ஆகும் என்பதும். அரை மணி நேரம் தடவினார். கை சிவந்து வீங்கிவிட்டது. ஒரு கைப்பிடி துண்டுகளை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

“ஆர் இந்தப் பிள்ளையளுக்குக் காஸ்க் அளவெடுத்தது?”

காஸ்க் என்றால் தலைக்கவசம். யாரும் அளவெடுக்கவில்லை என்பதுதான் உண்மை. எந்தச் சித்தப்பா எதை அனுப்பினாரோ அது அந்தந்தப் பிள்ளையின் தலையில் இருந்தது. அக்கா ஒவ்வொரு பிள்ளையின் தாடைக்குக் கீழும் பட்டிக்குள் ஆட்காட்டி விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

“ஒரு விரல் போகவேணும். ரெண்டு போனால் தளர்வு. ஒண்டும் போகாட்டி மூச்சு முட்டும்.”

செவ்ரான் பையன் ஒருவனின் கவசத்தைக் கழற்றியபோது உள்ளே இருந்து மடித்த துவாய் ஒன்று விழுந்தது. இது மட்டும் கடையில் புதிதாக வாங்கிய கவசம். ஆனால் இரண்டு அளவு பெரிது. நாங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கோட்டும் அப்படித்தானே வாங்குகிறோம்.

“வளருற பிள்ளையக்கா. ரெண்டு வருசத்துக்குப் போடலாம்” என்றார் தகப்பன்.

“தலையென்ன பலாக்காயே, ரெண்டு வருசத்திலை இந்தளவுக்கு வளர?” என்றார் அக்கா. அதோடு விடவில்லை. மூட்டையில் மிஞ்சிக் கிடந்ததிலேயே மிகப் பெரிய கவசத்தை எடுத்துத் தகப்பனின் தலையில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். கவசம் பின்பக்கம் பார்த்தது, மனிதரின் முகம் முன்பக்கமே நின்றது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பனித்தளம் அதிர்ந்தது. தகப்பனும் உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது.

அன்று விளையாட்டு நடக்கவில்லை. எல்லாக் கவசங்களையும் நடுவில் குவிக்கச் சொல்லி, அளவு நாடாவால் ஒவ்வொரு தலையாக அளந்து, எந்தத் தலைக்கு எது பொருந்துமோ அதைக் கொடுத்தார். சண்டை வந்தது. தன் தம்பி அனுப்பிய கவசத்தை இன்னொருவன் பிள்ளை போடுவதா, தம்பி வீடியோவில் பார்த்தால் என்ன நினைப்பான் என்று ஒருவர் குதித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெடித்ததையும் பழசாகிப்போனதையும் தனியே எடுத்து வைத்து, “இது குப்பைக்கு” என்றார். என்னிடம் உறுப்பினர் பட்டியல் இருந்தது. அன்று முதல் அவரிடம் தலைப் பட்டியல் இருந்தது. சுற்றளவு, காதுக்கு மேல், நெற்றி. ஒவ்வொரு மூன்று மாதமும் திரும்ப அளப்பார்.

பிள்ளைகள் அவருக்கு ‘மதாம் காஸ்க்’ என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கு எட்டியபோது, பரவாயில்லை, அந்தப் பெயராவது காஸ்க்கை நினைவுபடுத்தும் என்றார்.

எதையும் சொன்னால் நம்பமாட்டார். கை வைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கின் கதை இது. எங்கள் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு விளையாட்டு. எண்ணெய்த் தலையில் கவசம் வழுக்கிக் கண்ணுக்கு இறங்கும். அதைக் கண்டுபிடித்த நாளில் இருந்து அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் உச்சியையும் மோந்து பார்த்தே உள்ளே விட்டார். சார்செல் அம்மா ஒருத்தி, “நான் நல்லாய்த்தான் தோய வாத்தனான்” என்று சத்தியம் செய்தாள். அக்கா இன்னொரு தரம் மோந்துவிட்டு, “நல்லெண்ணெய். சீயாக்காய் காணாது, இன்னும் போடவேணும்” என்றார். பிள்ளையைக் குளியலறைக்கு அனுப்பித் தலையைக் கழுவித் துடைத்த பிறகுதான் இறங்க விட்டார். அந்த வருடமே எங்கள் குடும்பங்களில் எண்ணெய் முழுக்கு வெள்ளிக்கிழமைக்கு மாறியது. பெரிய பெரிய சங்கங்களால் முடியாத சமூக மாற்றம் இது என்று தலைவர் பகிடியாகச் சொல்வார்.

தெருவிலும் அவர் அப்படித்தான். சாப்பாடு கொண்டுபோகும் ஸ்கூட்டர் பெடியன்கள் லா சப்பல் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்பார்கள். அக்கா மரக்கறிப் பையோடு போய், முன்பின் தெரியாத பெடியனின் தாடைக்குக் கீழே விரலை விடுவார். கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு வந்த ஒருவனிடம், “மூளை முழங்கையிலையோ இருக்கு?” என்று தமிழில் கேட்டார். அவன் தமிழனே இல்லை. ஆனாலும் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு கதை இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்துவிட்டார்கள். தம்பி ஒருவன் விபத்தில் போனவன் என்றார்கள். இல்லை, பிள்ளை ஒன்று மதிலில் இருந்து விழுந்தது என்றார்கள். சொல்பவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டேன்.

“அக்கா, உங்கடை குடும்பத்திலை ஆருக்காவது ஏதும் நடந்ததோ?”

ஊசியில் இருந்து கண்ணை எடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒண்டும் நடக்கேல்லை. ஏதாவது நடந்தால்தான் கவனமாய் இருக்கவேணுமெண்டு சட்டம் இருக்கோ?”

கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி நான் அவருக்குச் செய்த அநியாயத்தைச் சொல்ல வேண்டும்.

என் மகள் ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. லா சப்பல் அணியின் முன்வரிசை ஆட்டக்காரி. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவள், பனியில் இறங்கினால் எந்த மொழியும் தேவையில்லாதவள். அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் நாங்களும் சார்செல்லும் மோதினோம். கிண்ணம் எங்களுக்குத்தான் என்று நான் லா சப்பலில் உள்ள எல்லாக் கடையிலும் பீற்றி வைத்திருந்தேன். ரொறன்ரோவில் இருந்த தங்கை அந்த அகால வேளையிலும் வட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. இரண்டுக்கு இரண்டு. அப்போது ஆரணியும் அவள் அணிப் பிள்ளை ஒருத்தியும் ஒரே றப்பர் வட்டுக்கு ஓடி, கால் பின்னி, இருவரும் ஓரப் பலகையில் போய் விழுந்தார்கள். ஒருவர் மேலும் குற்றமில்லை. மற்றப் பிள்ளை உடனே எழும்பிவிட்டது. ஆரணி கொஞ்சம் நேரம் எடுத்து எழும்பி, தனக்கு ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள்.

அக்கா அவளை வெளியே கூட்டிவந்து வாங்கில் உட்கார வைத்தார். தலை அடிபட்ட பிள்ளைகளுக்கு அவர் வைத்திருந்த சோதனை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுப் பக்கத்து ரயில் தரிப்பிடங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள்.

“பிகாலிலை ஏறி வீட்டை வா, பாப்பம்.”

“பிகால்” என்றாள் ஆரணி. “ஒன்வேர்.” பிறகு நின்றுவிட்டாள்.

நான் தடுப்புக் கண்ணாடிக்கு மறுபக்கம், அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தம் வராமல், “பார்பெஸ்” என்றேன்.

“பார்பெஸ். லா சப்பல்” என்றாள் ஆரணி.

அக்கா மெதுவாகத் திரும்பினார். என் வாய் இன்னும் மூடியிருக்கவில்லை.

“தம்பி, நீர் சரியாய்ச் சொன்னீர். நீர் போய் விளையாடலாம். பிள்ளை இருக்கட்டும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிடிபட்ட வெட்கம்தான் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. உங்களுக்கு இந்த விளையாட்டைப் பற்றி என்ன தெரியும், நீங்கள் பிளவுஸ் தைக்கிற ஆள்தானே என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். தங்கையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“ஓம்” என்றார் அக்கா. “பிளவுஸ் பிழைச்சால் பிரிச்சுத் தைக்கலாம்.”

பிறகு ஆரணியின் சப்பாத்து நாடாவைக் கழற்றத் தொடங்கினார். நாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். நான் அக்காவுக்குப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

ரயிலில் ஆரணி பிரெஞ்சில் கேட்டாள், “பப்பா, நாங்கள் வெண்டமா?”

என்னைச் சீண்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, தோற்றுவிட்டோம் என்றேன். ஓ என்றாள். சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடுத்த தரிப்பிடம் வருவதற்குள் திரும்பி, அதே முகத்தோடு, அதே குரலில் மறுபடி கேட்டாள், “பப்பா, நாங்கள் வெண்டமா?”

மூன்றாம் முறை கேட்டபோதுதான் அது சீண்டல் இல்லை என்று விளங்கியது. யாரைக் கூப்பிடுவது? மானத்தை விட்டு அக்காவின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அக்கா, பிள்ளை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கிறாள்.”

“சத்தி, வாந்தி ஏதும் எடுத்தவளோ?”

“இல்லை.”

“பயப்பிடாதையும். அவளைப் பிடிச்சுக்கொண்டு இரும். நான் அடுத்த பெட்டியிலைதான் நிக்கிறன், வாறன்.”

தலை அடிபட்ட பிள்ளை எதுவானாலும், வீடு போய்ச் சேரும்வரை அதே ரயிலில் போவது அவர் வழக்கமாம். செவ்ரானுக்கும் சார்செல்லுக்கும் அப்படி எத்தனை தரம் போய்வந்திருக்கிறார் என்பது செயலாளருக்குத் தெரியாது. அன்று நான் அவரை மதிக்காமல் வந்தபோதும், பின்னால் வந்து ஏறியிருக்கிறார். தரிப்பிடத்தில் இறங்கி எங்கள் பெட்டிக்கு ஓடி வந்தவர், என்னைத் தாண்டிப் போய் ஆரணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கிறது, ஓய்வு போதும் என்றார் மருத்துவர். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொரு அடி விழுந்திருந்தால் கதை வேறு என்பதையும் சொன்னார். நடைபாதையில் வைத்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

“அதைப் பிறகு பாப்பம்” என்றார் அக்கா. “முதல்லை பிள்ளைக்குச் சாப்பிட ஏதும் வாங்கும். காலமையிலை இருந்து பட்டினி.”

ஆரணி மெல்ல மெல்லத் தேறினாள். மருத்துவர் சொன்ன ஓய்வு முடிந்தது. பிறகு நடை, படி ஏறுதல், தனியாகப் பனியில் ஓடுதல் என்று ஒவ்வொன்றாக முடிந்தது. இனி முழு ஆட்டம் ஆடலாம் என்று மருத்துவர் கடிதமும் தந்துவிட்டார். நான்தான் தேறவில்லை. இரவும் பகலும் அந்தப் பலகைச் சத்தம் காதில் கேட்டது. போதும், இனி ஹொக்கி வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அக்கா மகிழ்ச்சிப்படுவார் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரணியோடு சேலைக்கடைக்குப் போனேன்.

“அக்கா, இவளை நிப்பாட்டப் போறன். சதுரங்கத்திலை சேத்துவிடுறன். அதிலை ஒருதரும் விழமாட்டினம்.”

அக்கா கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? நான் இஞ்சை சட்டை தைக்கிறது அலுமாரிக்குள்ளை தொங்க விடவே? போட்டுக்கொண்டு கலியாண வீட்டை போய்ச் சிரிச்சுக் கதைச்சு ஆடிப் பாடத்தானே! இந்தப் பிள்ளையளின்ரை தலையை அளந்ததும் அதுக்குத்தான். வீட்டிலை பூட்டி வைக்கிற தலைக்குக் காஸ்க் எதுக்கு?”

“எனக்குப் பயமாய் இருக்கக்கா” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

“எனக்கும்தான் பயம். ஒவ்வொரு ஞாயிறும். அதுக்காக?” என்று கேட்டுவிட்டு, ஆரணியைப் பார்த்தார். “நீ சொல்லு பிள்ளை.”

ஆரணி தமிழில் சொன்னாள். “எனக்கு விளையாட வேணும்.”

அடுத்த ஞாயிறு. ஒபர்வில்லியேயோடு ஆட்டம். ஆரணி இறங்கிய ஐந்தாவது நிமிடமே விழுந்தாள். பெரிய விழுகை இல்லை, வழுக்கி உட்கார்ந்தது மாதிரித்தான். என் கால் தானாகப் பனிக்குள் இறங்கப் போனது. அக்கா என் ஜக்கெட்டைப் பின்னால் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

“நில்லும். எழும்புவாள்.”

எழும்பினாள். முகக் கம்பியில் ஒட்டிய பனியைக் கையுறையால் தட்டிவிட்டு, எங்கள் பக்கம் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். பிறகு குனிந்து மட்டையை எடுத்துக்கொண்டு, தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய பெடியன் ஒருவனின் காலடியில் இருந்து வட்டைத் தட்டிப் பறித்துக்கொண்டு பாய்ந்தாள். முன்னால் ஒருவரும் இல்லை.

“ஓடு பிள்ளை!” என்று கத்தினேன். “ஓடு! ஓடு!”

எனக்கு முன்னால் நின்ற ஒபர்வில்லியேக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணீர் மூக்கால் வடிந்தது. துடைக்க நேரமில்லை, அவள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.